எங்கே நின்றது என்று கேட்டவர்

என் வலது கையின் ராசி போய்விட்டது என்று எங்கள் வீட்டில் அப்போது எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் இனி எழுதப் போவதெல்லாம் வீட்டாரைப் பற்றிய புகாராகத் தோன்றிவிடும்.

எங்களுடையது மீன் குஞ்சுப் பண்ணை. அடி அண்ணாமலையைத் தாண்டி உள்ளே திரும்பும் மண் சாலையில், மலை வேறொரு முகம் காட்டும் இடத்தில் இருக்கிறது. ரோகு, கட்லா போன்ற மீன்கள் ஆற்று வெள்ளத்தில்தான் தாமாக முட்டையிடும். குளத்தில் வளர்த்தால் அவற்றுக்குச் சினை பிடிக்கும், முட்டை இறங்காது. ஆகவே ஆடி மாதத்தில் ஒரு மழை கண்டதும், சினைமீனின் மார்புத் துடுப்புக்கு அடியில் ஹார்மோன் ஊசி போடுவோம். மாலையில் ஊசி போட்டு விட்டால், மறுநாள் காலையில் தொட்டி முழுக்க வெந்த ஜவ்வரிசியைப் போல முட்டைகள் சுழன்றுகொண்டிருக்கும்.

விலங்கியல் படித்துவிட்டு அந்த வீட்டுக்கு மருமகளாகப் போன நான், ஊசி போடும் வேலையை மாமனாரிடமிருந்து ஏற்றுக்கொண்டேன். முதல் நான்கு ஆண்டுகள் முட்டைக்குக் குறைவே இல்லை. "எம் மருமவ கை பட்டாப் போதும், மீனு கொட்டிடும்" என்று மாமனார் டீக்கடை வரை சொல்லிவைத்திருந்தார். ஐந்தாம் ஆண்டின் கோடையில், ஐந்து மாதத்தில் என் கரு கலைந்தது. அந்த ஆடியில் மீன்கள் முட்டையிடவில்லை. அடுத்த ஆடியிலும் இல்லை.

"உன்னத் தப்பு சொல்லல கண்ணு. உன் உடம்பு நொந்து போயிருக்குது. தொட்டா மீனுக்கு அது தெரியாமலா இருக்கும்?" என்றார் மாமியார். அவர் இரக்கத்தோடு சொன்னார். அதனாலேயே நானும் நம்பிவிட்டேன்.

அப்படி இரண்டு ஆண்டு பொய்த்தபின், மூன்றாம் ஆண்டு, செங்கம் பக்கத்திலிருந்து கைராசிக்காரர் ஒருவரை வரவழைத்தார்கள். ஊசி போடும் நாளில் நான் தொட்டிப் பக்கம் வரக் கூடாது என்று ஏற்பாடு. அவர் போட்ட ஊசிக்கும் முட்டை இறங்கவில்லை. அவர் தொட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மருந்தக் கலந்தது யாரு?" என்று கேட்டார். நான்தான் கலந்திருந்தேன். அன்றே மருந்தறைச் சாவி மாமியாரின் இடுப்புக்கு மாறியது. அடுத்த ஆடியும் பொய்த்தால் குளங்களைத் தூர்த்து, நிலம் முழுவதும் பூ போட்டுவிடுவது என்று மாமனார் முடிவு செய்தார். அந்த ஓர் ஆண்டில்தான் நான் லேப் அக்காவைச் சந்தித்தேன்.

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. "குழாய் மேல பேரு கரெக்டா இருந்தாப் போதும், எம் பேரு எதுக்கு?" என்று அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார். தேர் நிற்கும் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே அவருடைய ரத்தப் பரிசோதனைக் கூடம் இருந்தது. இரண்டு நாற்காலிகள், ஒரு குளிர்சாதனப் பெட்டி, ஒரு சுழல் இயந்திரம், துணி போர்த்திய இன்னொரு இயந்திரம். என்னைவிட அவர் மூத்தவரா இளையவரா என்று எனக்குத் தெரியாது. அவர் என்னை அக்கா என்றார்; நான் அவரை அக்கா என்றேன். பல ஆண்டுகள் பழகியும் இருவரும் வயதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

ரத்தம் எடுத்ததும் குழாயில் பெயரை எழுதுவார். பிறகு அதை நம்மிடமே நீட்டி, "படிங்க" என்பார். படித்த பிறகுதான் மூடியைத் திருகுவார். படிக்கத் தெரியாதவர் வந்தால், கூட வந்தவரைப் படிக்கச் சொல்லுவார். கூட வந்தவருக்கும் தெரியாது என்றால் சந்தின் முனையிலிருக்கும் தையல்காரரைக் கூப்பிடுவார். தையல்காரர் அலுத்துக்கொண்டே வந்து படித்துவிட்டுப் போவார்.

அவரிடம் ஒரு வாக்கியம் இருந்தது. "எங்க நிக்குதுன்னு பாக்கலாங்க." ஸ்கூட்டர் கிளம்பாவிட்டாலும், மின்சாரம் போனாலும், எதிர் வீட்டுப் பெண் மாமியாரோடு பேச்சை நிறுத்திக்கொண்டு அழுதபடி வந்தாலும் அதையேதான் சொல்லுவார். யார் செய்தது, யாரால் வந்தது என்று கேட்டு நான் அறிந்ததில்லை. அவருடைய அப்பா கோயிலுக்கு எதிர்ப்புறத்துத் தெருவில் பூட்டு பழுதுபார்த்தவர். எந்தப் பூட்டையும் உடைக்காமல், காதை வைத்து எங்கே மாட்டிக்கொள்கிறது என்று கேட்பாராம். அந்தப் பழக்கம் இவருக்கு எப்படி வந்தது என்று நான் கேட்டபோது, "பூட்டுன வூட்டுக்கு வெளிய ஆளுங்க நின்னா, எல்லாரும் சாவிய யார் தொலச்சதுன்னுதான் சண்ட போடுவாங்க. பூட்ட ஒருத்தரும் பாக்க மாட்டாங்க" என்றார்.

ஒரு காலை நேரம் நினைவிருக்கிறது. பெரியவர் ஒருவர் சர்க்கரை அளவு எழுதிய தாளை மேசையில் அறைந்தார்.

"வெறும் வயித்துலதாம்மா வந்தேன். இவ்ளோ ஜாஸ்தியா எப்படிக் காட்டும்? உம் மெஷின் கெட்டுப் போச்சு."

"இருக்கலாம் பெரியவரே. எங்க நிக்குதுன்னு பாக்கலாம். வூட்ல செருப்பு மாட்னீங்க. அப்பறம்?"

"அப்பறம் நேரா இங்கதான்."

"நேரான்னா எந்த வழி?"

"கோபுர வாசல்ல ஒரு கும்பிடு போட்டுட்டு..."

"கும்பிட்டீங்க. அப்பறம்?"

பெரியவர் குரலைத் தாழ்த்தினார். "ஒருத்தர் தொன்னையில பொங்கல் குடுத்தாரு."

"சக்கரப் பொங்கலா?"

"ஏம்மா, அது பிரசாதம்! பிரசாதத்துல போயி எங்கயாச்சும் சக்கர ஏறுமா?"

"சாமிக்குத் தெரியும் பெரியவரே. மெஷினுக்கு எப்படித் தெரியும்? நாளைக்கு வாங்க, கும்பிட்டுட்டு நேரா வாங்க."

காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் பெரியவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். எங்கள் வீட்டிலும் அதே போன்ற ஒரு நம்பிக்கை அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது என்பது அன்று எனக்குத் தெரியாது.

நான் போனது என் சொந்த ரத்தத்தைக் கொடுக்க. அந்தக் கரு கலைந்த பிறகு மறுபடி கரு தங்காத காரணத்தைத் தேடி, மருத்துவர் ஹார்மோன் பரிசோதனைகள் எழுதித் தந்திருந்தார். லேப் அக்கா என் முகவரியைப் படித்தார்.

"பண்ணைன்னு போட்டிருக்கு. கோழியா?"

"மீன்."

"மீனுக்கு ஹார்மோன் ஊசி போடுவாங்களாமே? நீங்க போடுவீங்களா?"

"போட்டேன். இப்ப போடறதில்ல."

"ஏன்?"

வேறு யாரிடமும் சொல்லியிராததை அவரிடம் சொன்னேன். கையில் ரத்தம் எடுக்கும் ஊசி இருந்ததால் எழுந்து போகவும் வழியில்லை. கைராசி என்றதும் அவர் சிரிக்கவில்லை. பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, "ஊசி போடறதுக்கு முன்னாடி வயித்துல சின இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

நான் திகைத்துப்போனேன். மீன்கள் கொழுத்துத்தான் இருந்தன. ஆனால் வயிற்றைத் தொட்டால் சினைமீனுக்குரிய அந்த மெத்தென்ற நிறைவு இல்லை. பொய்த்த ஊசிகளைப் போட்ட இரண்டு ஆண்டும் என் விரல்களுக்கு அது தெரிந்தே இருந்தது. சொன்னால் சாக்குப்போக்கு என்பார்கள் என்று சொல்லாமல் விட்டிருந்தேன்.

"அப்ப உங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடியே எங்கயோ நின்னுடுச்சு" என்றார். "நீங்க போடற ஊசி, பழுத்தத இறக்கறதுக்குத்தான? பழுக்கவே இல்லன்னா எந்தக் கை போட்டு என்னா?" பிறகு என் ரத்தம் நிறைந்த குழாயை வெளிச்சத்தில் காட்டினார். "இதுல நான் பாக்கப்போற ஈஸ்ட்ரோஜன் இருக்கில்ல, உங்க மீனுக்கும் இதேதாங்க்கா. வேற தினுசு இல்ல. ஒரே சரக்கு. மீனு ரத்தத்தக் கொண்டாங்க, பாத்துடலாம்."

அது எனக்குத் தெரியாத செய்தி அல்ல. கல்லூரியில் பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். கொழுப்பிலிருந்து தொடங்கி, ஒன்றை இன்னொன்றாக மாற்றி மாற்றி, உடல் தன் ஸ்டீராய்டு ஹார்மோன்களைச் செய்துகொள்கிறது. ஆண் ஹார்மோன் என்று நாம் சொல்லும் டெஸ்டோஸ்டிரோனிலிருந்தே பெண்ணுக்குரிய ஈஸ்ட்ரோஜன் பிறக்கிறது. அந்த ஈஸ்ட்ரோஜன் போய்ச் சொன்னால்தான் மீனின் ஈரல் முட்டைக்கான மஞ்சள் கருவைச் செய்யும். மனப்பாடமாகத் தெரிந்த இந்தப் பாடத்தை நான் என் குளத்தங்கரைக்குக் கொண்டுபோகவே இல்லை. படித்தவள் என்ற பெருமை இருந்த இடத்தில் அன்று கொஞ்சம் வெட்கம் வந்து உட்கார்ந்தது.

எங்கள் பண்ணையில் சினைமீனுக்கு இரண்டு குளங்கள். ஒன்று தோட்டத்துக் குளம்; மாமனாரின் பூந்தோட்டத்துக்குக் கீழே, மழைத் தண்ணீரில் நிறைவது. மற்றது போர்க் குளம்; ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் நிறைவது. போர்த் தண்ணீர் உப்பு, சினைக்கு ஆகாது என்பது வீட்டு வழக்கம். ஊசிக்கு எப்போதும் தோட்டத்துக் குளத்து மீன்களைத்தான் பிடிப்போம். லேப் அக்கா இரண்டு குளத்திலும் ஆறு ஆறு பெண் மீன் கேட்டார்.

"ஒரே வயசுதான?"

"ஒரே தடவ வாங்கினது. இடம் பத்தாம பிரிச்சு விட்டோம்."

"நல்லதாப் போச்சு."

பௌர்ணமியன்று பக்தர் கூட்டத்தால் அவருடைய சந்துக்கு ஆள் வருவதில்லை. அதனால் பௌர்ணமியன்றே வந்தார். காலையில் சாலையை அடைப்பதற்கு முன் ஸ்கூட்டரில் வந்துவிட்டார். கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் மீனை மயக்கி, கண்ணை ஈரத்துணியால் மூடி, வாலருகே ஊசி நுழைத்து ரத்தம் எடுத்தோம். எடுத்த ஒவ்வொரு மீனுக்கும் முதுகுத் துடுப்பில் ஒரு மணியைக் கட்டினார். தன் மகளின் அறுந்த கைவளையத்திலிருந்த மணிகள். சிவப்பு, பச்சை, நீலம் என்று பன்னிரண்டும் வெவ்வேறு நிறம். குழாய்களில் எண்களை மட்டும் கலைத்துப்போட்டு என்னையே எழுதச் சொன்னார்; எந்த எண் எந்தக் குளம், எந்த மணி என்ற சீட்டையும் நானே எழுதி மடித்து வைத்துக்கொண்டேன்.

"நான் கேட்டாலும் காட்டாதீங்க. தெரிஞ்சுட்டா என் கண்ணே எனக்கு வேணுங்கறதத்தான் பாக்கும்."

திரும்பும்போது சாலை அடைபட்டுவிட்டது. ஸ்கூட்டரைப் பண்ணையிலேயே விட்டு, ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிரிவலக் கூட்டத்தோடு ஊருக்கு நடந்தோம். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. தள்ளுவண்டிக்காரர் ஒருவர் தன் தொழிலுக்குப் போட்டி வந்துவிட்டதோ என்று எங்களையே பார்த்தார்.

"எம்மா, குச்சி ஐஸா கப் ஐஸா?"

"ரத்தம்" என்றார் லேப் அக்கா.

"ஐயோ சாமி, வாணாம்மா!" என்று அவர் வண்டியை ஓரம் கட்டினார்.

வெறுங்காலோடு நடந்த ஒரு அம்மா பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டு, "வேண்டுதலா?" என்று கேட்டார். லேப் அக்கா நாடாவைத் தோளில் மாற்றிக்கொண்டு, "இவங்க வேண்டுதலுங்க. நான் சும்மா தொணைக்கு" என்றார். ஆறு கிலோமீட்டரோ எட்டு கிலோமீட்டரோ, நான் அவ்வளவு லேசாக அந்தச் சாலையில் நடந்ததில்லை.

நான்கு நாள் கழித்துப் போனேன். பன்னிரண்டு எண்களுக்கு எதிரே ஜாஸ்தி, கம்மி என்று எழுதிவைத்திருந்தார். "இது மனுஷ ரத்தத்துக்குன்னு வச்ச மெஷின். நம்பர நம்பாதீங்க. ஒண்ணுக்கொண்ணு உள்ள வித்தியாசத்த மட்டும் பாருங்க. இப்ப சீட்டப் பிரிங்க."

பிரித்தேன். ஈஸ்ட்ரோஜன் கம்மி என்று எழுதியவை எல்லாம் தோட்டத்துக் குளத்து மீன்கள். ஒன்று மட்டும், நீல மணி கட்டியது, அந்தக் குளத்து மீனாக இருந்தும் கம்மியாக இல்லாமல் சுமாராக இருந்தது. நான் மகிழ்ச்சியில் அதைக் கவனிக்கவில்லை. அவர் விடவில்லை. "இதையும் எழுதிக்குங்க. நமக்குத் தோதா இல்லன்னு மறைக்கக் கூடாது" என்றார். டெஸ்டோஸ்டிரோன் இரண்டு குளத்திலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

"வேங்கிக்கால்ல புது வூட்டுக்குக் கான்க்ரீட் போடறதப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார். "கீழருந்து மாடி வரைக்கும் ஆளுங்க வரிசையா நின்னு சட்டிய கை மாத்துவாங்க. நடுவுல ஒருத்தர் நகர முடியாம நின்னுட்டா, கீழ சட்டி இருக்கும், மேல இருக்கறவங்க சும்மா நிப்பாங்க. இதுல டெஸ்டோஸ்டிரோன் வரைக்கும் சட்டி வந்துடுது. அத ஈஸ்ட்ரோஜனா மாத்தற ஆளத்தான் யாரோ புடிச்சு வச்சிருக்காங்க."

"யாரு?"

"அது தெரியாதுங்க. எங்கன்னு மட்டும்தான் தெரியும்."

ரத்தக் கணக்கை வீட்டில் யாரும் ஏற்கவில்லை. என் கணவர் மட்டும் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, "அவங்கள வீட்டுக்குக் கூப்புடு" என்றார். லேப் அக்கா வந்தார். வாதம் செய்யவில்லை. மாமியார் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, அவரிடமே யோசனை கேட்பதைப் போலச் சொன்னார்.

"கைதான் காரணம்னா தெரிஞ்சுடும்மா. தண்ணின்னாலும் தெரிஞ்சுடும். ரெண்டையும் ஒரே நேரத்துல மாத்தினாத்தான் ஒண்ணும் தெரியாது. செங்கத்துக்காரரையும் கூப்புடுங்க. ரெண்டு குளத்து மீனு, ரெண்டு கை. ஒரே தண்ணியில, கொசுவல மாதிரி, நாலு துணித் தொட்டி கட்டலாம்."

"இவ கை பட்டது வீணாப் போனா?" என்றார் மாமியார், என்னைப் பார்க்காமல்.

"போனா நானே வந்து சாவிய உங்க கையில குடுக்கச் சொல்றேன்."

"சாவி எங்கிட்டதாம்மா இருக்குது" என்றார் மாமியார். மாமனார் கூடச் சிரித்துவிட்டார். ஒப்புக்கொண்டார்கள்.

ஆடி மழைக்கு மறுநாள் மாலை, இரண்டு ஆண்டுக்குப் பிறகு ஊசியைக் கையில் எடுத்தேன். கை நடுங்கியது. செங்கத்துக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "எனக்கும்தாம்மா நடுங்குது. போன வருஷத்துலருந்து என்ன ஒருத்தனும் கூப்புடல" என்றார். அவருக்கும் கைராசி போயிருந்தது என்பதை அப்போதுதான் நான் அறிந்தேன்.

காலையில் முதலில் போனது மாமியார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் துணித் தொட்டியில் கையை விட்டார். தோட்டத்துக் குளத்து மீன், செங்கத்துக்காரர் கை. ஒன்றுமில்லை. அடுத்தது, அதே குளத்து மீன், என் கை. ஒன்றுமில்லை. மூன்றாவது, போர்க் குளத்து மீன், செங்கத்துக்காரர் கை. மாமியார் கையை வெளியே எடுத்தபோது உள்ளங்கை நிறைய முட்டை பளபளத்தது. நான்காவது தொட்டிக்கு அவர் சீக்கிரம் போகவில்லை. புடவையில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு குனிந்தார். வெகுநேரம் கையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்திருந்தார்.

"இருக்குது" என்றார். "இதுலயும் இருக்குது. ஜாஸ்தியாவே இருக்குது."

"அப்ப என் கையும் நல்ல கைதான்!" என்று கத்தினார் செங்கத்துக்காரர். மாமியார் இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்து, தொட்டி மேட்டில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார்.

அன்று லேப் அக்கா செய்ததைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன். எல்லோரும் தண்ணீரில் என்ன என்று மாமனாரைச் சூழ்ந்துகொண்டபோது அவர், "மீனு ஒண்ணுகூடச் சாகலியேம்மா. தண்ணி கெட்டிருந்தா செத்து மெதக்காதா?" என்றார். லேப் அக்கா அவரை மறுக்கவில்லை. "ஐயா, உங்க தோட்டத்தச் சுத்திக் காட்டுங்களேன்" என்றார்.

மாமனாருக்கு அந்தத் தோட்டம் வெறும் விவசாயம் அல்ல. அவருடைய சாமந்தியும் சம்பங்கியும் சாமிக்கு மாலையாகப் போயின. தோட்டத்தில் செருப்போடு நடக்க மாட்டார். மூன்று நான்கு ஆண்டுகளாக இலையில் புள்ளி விழுந்து பூ கருகியதால், புதிதாக ஒரு பூஞ்சை மருந்து அடித்துவந்தார். குளித்துவிட்டுத்தான் அடிப்பார். தெளிப்பானை எப்படி நிரப்புகிறார், எப்படி அடிக்கிறார் என்று அக்காவுக்குப் பெருமையோடு காட்டினார்.

"அடிச்சு முடிச்சதும் கழுவுவீங்களா ஐயா?"

"கழுவாம? மருந்து காஞ்சா அடச்சுக்கும்."

"எங்க?"

"பூவுக்கு அடிக்கறதாச்சே. பாத்திரம் கழுவற தண்ணியிலயும் மாடு வாய் வெக்கிற தொட்டியிலயும் கழுவலாமா? சுத்தமான தண்ணி இங்க ஒண்ணுதான்" என்று சொல்லிக்கொண்டே தெளிப்பானோடு தோட்டத்துக் குளத்தின் கரையில் இறங்கினார். முழங்கால் வரை போய் அதை முக்கி எடுத்தார். இரண்டாவது முறை முக்கப் போன கை பாதியில் நின்றது. தண்ணீரில் பால் போலப் பரவியதைப் பார்த்தபடி அப்படியே நின்றார்.

லேப் அக்காதான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கரைக்கு இறங்கி, தெளிப்பானைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

"நீங்க தப்பு பண்ணல ஐயா. பூஞ்ச தன் உடம்பக் கட்டிக்க ஒரு கொழுப்பச் செய்யும். அதச் செய்யற எடத்துல போய் இந்த மருந்து உக்காந்துக்கும். மீனுக்குள்ள ஈஸ்ட்ரோஜன் செய்யற எடம் அதுக்குப் பங்காளி மாதிரி. மருந்து பூஞ்சையத்தான் தேடுச்சு, மீன் குறுக்க இருந்துடுச்சு. கழுவற தண்ணி மட்டும் இல்ல, மழையில தோட்டத்துத் தண்ணியும் இங்கதான வருது? மீனு சாகலங்கறதாலதான் இவ்ளோ நாள் ஒருத்தருக்கும் தெரியல." பிறகு, அந்த நேரத்திலும், சேர்த்துக்கொண்டார். "இதுதான்னு அடிச்சுச் சொல்ல எங்கிட்ட மெஷின் இல்ல. நிறுத்திப் பாக்கலாம். அடுத்த வருஷம் மீனு சொல்லட்டும்."

மாமனார் கரையேறி வந்து என் முன்னால் நின்றார். "அம்மாடி" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்த வாரமே நான் சந்துக்குப் போனேன், மனதில் ஒரு கேள்வியோடு. அந்தப் புது மருந்து வந்த ஆண்டும் நான் கருவை இழந்த ஆண்டும் ஒன்று. தோட்டத்தில் நானும் பூப் பறித்திருக்கிறேன். அந்தக் குளத்தில் கால் கழுவியிருக்கிறேன். "என் உடம்புலயும் இதுதானே அக்கா?" என்று கேட்டேன். ஆமாம் என்று அவர் சொல்லியிருந்தால், பல ஆண்டுப் பாரத்தை அங்கேயே இறக்கி வைத்திருப்பேன். அது அவருக்கும் தெரியும். நாற்காலியை இழுத்துப்போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"மீனுக்குத் தெரிஞ்சத மீனுக்குச் சொன்னேன். உங்களுக்கு எங்க நின்னுச்சுன்னு எனக்குத் தெரியலங்க்கா. உங்க ரத்தத்துல ஒண்ணும் கம்மி காட்டல. தெரியாதத ஆமான்னு சொல்லிட்டா, அதுவும் ஒரு கைராசிக் கததான?"

நான் கோபித்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. இரக்கத்தோடு சொல்லப்பட்ட பொய்யில் மூன்று ஆண்டு வாழ்ந்தவள், இன்னொரு இரக்கமான பொய்யைக் கேட்டுப் போயிருந்தேன் என்பது புரிய அவ்வளவு நாள் ஆயிற்று. திரும்பப் போனபோது அவர் எதுவும் கேட்கவில்லை. குழாயில் யாருடைய பெயரையோ எழுதிக்கொண்டிருந்தவர், படிக்கத் தெரியாத ஒரு பாட்டிக்காக அதை என்னிடம் நீட்டி, "படிங்க" என்றார். படித்தேன். எனக்காக அவர் செய்தவற்றுள் நான் முதலில் நன்றி சொல்வது, அன்று ஆமாம் என்று சொல்லாமல் இருந்ததற்கு.

மாமனார் தோட்டத்து நீர் குளத்துக்கு வராதபடி வரப்பை உயர்த்தினார். தெளிப்பானைக் கழுவத் தோட்டத்தின் மேல் மூலையில், குளத்துக்கு எட்டாத இடத்தில் தனியாகக் குழி வெட்டினார். அதற்கும் வேலி கட்டினார். பிறகு மருந்தையே குறைத்துக்கொண்டு, கருகிய பூக்களைக் கையால் பொறுக்கினார். குளத்துத் தண்ணீரை வடித்துப் புதிதாக நிரப்பினோம். அடுத்த ஆடியில் தோட்டத்துக் குளத்து மீன்கள் முட்டையிட்டன, பழைய அளவுக்கு இல்லை. அதற்கடுத்த ஆடியில் பழைய அளவுக்கே. ஊசியை ஒவ்வோர் ஆண்டும் மாமனாரே என்னிடம் எடுத்துக் கொடுத்தார். எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. ஏன் என்று இன்றுவரை தெரியாது. தெரியாது என்று சொல்லிக்கொள்ள எனக்கு இப்போது முடிகிறது.

சந்திலிருந்த கூடத்தை ஒரு பெரிய நிறுவனம் எடுத்துக்கொண்டது. ரத்தத்தை இங்கே எடுத்து வெளியூர் அனுப்பும் முறை வந்தது. "குழாய் ஒரு ஊருக்குப் போகுது, நம்பர் மட்டும் திரும்பி வருது. நடுவுல எங்க நின்னுச்சுன்னு நான் யாரக் கேக்கறது?" என்றார். சில மாதங்களில் மகளோடு ஓசூருக்குப் போய்விட்டார். போகும் முன் ஒரு நாள் பண்ணைக்கு வந்து, இரண்டு குளங்களையும் சுற்றிப் பார்த்தார். நீல மணி இன்னும் இருக்கிறதா என்று விசாரித்தார். தன் குளத்து மற்ற மீன்களோடு ஒத்துப்போகாத அந்த ஒன்று ஏன் அப்படி இருந்தது என்பது அவருக்குக் கடைசி வரை உறுத்தலாகவே இருந்தது.

மாமனார் போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. செங்கத்துக்காரர் இப்போது ஊசி போடுவதில்லை. அன்று மணி கட்டிய பன்னிரண்டில் பதினொன்று இல்லை. எஞ்சிய நீல மணி மீனுக்கும் வயதாகிவிட்டது. அதற்கு ஊசி போடுவதை நிறுத்திவிட்டேன். காலையில் தீவனம் தூவும்போது கடைசியாக, மெதுவாக மேலே வரும். மாமியாருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. ஆனாலும் ஆடியில் முதல் தொட்டியில் அவர்தான் கையை விட்டுப் பார்க்கிறார். வீட்டில் அவரும் என் கணவரும் நானும் இருக்கிறோம்.